டைட்டா அபாலிஸ்: காடு அவ்வளவு வேகமாகச் சுருங்கவில்லை, குருவி மட்டும் ஏன் சுருங்கியது?

நைரோபி_வாசி:
இந்தப் பக்கத்தில் ஆப்பிரிக்கப் பறவை என்றால் தீக்கோழி, பூநாரை, பிணந்தின்னிக் கழுகு, அதோடு முடிந்தது. ஒரு சின்னக் குருவிக்காக இந்த இழையைத் தொடங்குகிறேன்.

தென்கிழக்குக் கென்யாவில் ட்சாவோ சமவெளிக்கு நடுவே டைட்டா மலை தனியாக எழுந்து நிற்கிறது. அடிவாரத்தில் வோய் என்ற ஊர். அங்கே வெயில் மண்டையைப் பிளக்கும், முள்மரமும் செம்மண்ணும்தான். மேலே ஏற ஏறக் குளிர், பனிமூட்டம், முட்டைக்கோஸ் வயல்கள். உச்சியான வூரியா 2,208 மீட்டர். இந்தியப் பெருங்கடலிலிருந்து வரும் ஈரக்காற்று முதலில் முட்டும் உயரமான இடங்களில் இதுவும் ஒன்று. அதனால்தான் வறண்ட பூமிக்கு நடுவில் ஒரு மேகக்காடு. தான்சானியாவில் பெரும்பகுதி கிடக்கும் கிழக்கு வளைவு மலைத்தொடரின் வடகோடி இது.

இந்த மலையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத பறவை டைட்டா அபாலிஸ். மேலே கருஞ்சாம்பல், தொண்டையும் மார்பும் கருமை, வயிறு வெள்ளை, கண் வெளிர் மஞ்சள். பூச்சி பிடித்துத் தின்னும். புதருக்குள் ஜோடியாகத் திரியும். 1938-ல் மோரோ என்ற பறவையியலாளர் இதை முதலில் விவரித்தார். தென்னாப்பிரிக்கா வரை பரவிக் கிடக்கும் கழுத்துப்பட்டை அபாலிஸின் ஒரு கிளையாகத்தான் வெகுகாலம் இதைப் பலர் வைத்திருந்தார்கள். பிற்பாடுதான் தனி இனமாக எடுத்துப் பேச ஆரம்பித்தார்கள்.

என் கேள்விக்கு வருகிறேன். 2001-ல் கணக்கெடுத்தபோது 300 முதல் 650 பறவைகள் வரை இருக்கலாம் என்றார்கள். 2009-10-ல் மறுபடி எண்ணியபோது ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு போய்விட்டிருந்தது. இப்போது சொல்லப்படும் கணக்கு 100 முதல் 150. உலகம் முழுவதற்கும் அவ்வளவுதான். ஆனால் அந்தப் பத்து ஆண்டில் காட்டில் ஐந்தில் நான்கு பங்கு அழியவில்லையே! எல்லாக் கட்டுரையும் "வாழிட அழிவு" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறது. எனக்கு அது போதவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தையல்சிட்டு_ரசிகை:
படம் தேடிப் பார்த்தேன். வாலைத் தூக்கிக்கொண்டு நிற்கும் விதம் அப்படியே எங்கள் முற்றத்துத் தையல்சிட்டு! உறவா?

காட்டியல்_மாணவி:
உறவேதான் அக்கா. சிஸ்டிகோலிடே குடும்பம். நம்மூர்த் தையல்சிட்டு, கதிர்க்குருவி எல்லாம் அதே வீடு. தையல்சிட்டுக்கு உங்கள் செம்பருத்திச் செடி போதும். இதற்குப் போதாது, அங்கேதான் வம்பு.

நைரோபி அண்ணா, உங்கள் கேள்வி சரியான இடத்தில் விழுந்திருக்கிறது. டைட்டா மலையைப் பற்றி எழுதும் எல்லோரும் "98 சதவீதக் காடு அழிந்துவிட்டது" என்ற ஒரு எண்ணைத் திரும்பத் திரும்பப் போடுவார்கள். அது நூற்றாண்டுக் கணக்கில் பின்னோக்கிப் போய், ஒரு காலத்தில் மலை முழுக்கக் காடாக இருந்தது என்று வைத்துக்கொண்டு போடும் மதிப்பீடு. ஹெல்சின்கி பல்கலைக்கழகத்தின் பெல்லிக்கா குழு 1955 முதல் 2004 வரையான வான்படங்களை ஒப்பிட்டுப் பார்த்தது. அந்த ஐம்பது ஆண்டில் இயற்கைக் காட்டில் பாதி போயிருக்கிறது. ஆனால் "மொத்தக் காடு" என்று பார்த்தால் குறைவு வெறும் 2 சதவீதம்.

எப்படி? பைன், சைப்ரஸ், யூகலிப்டஸ், கருஞ்சீகை. வெறும் பாறையிலும் வெட்டிய இடத்திலும் இவற்றை நட்டார்கள். மேலேயிருந்து எடுத்த படத்தில் பச்சை பச்சையாகவே இருக்கும். அபாலிஸ் பார்க்கும் காடும் படத்தில் தெரியும் காடும் ஒன்றல்ல.

மிச்சமிருக்கும் இயற்கைக் காட்டில் பெரிய துண்டுகள் மூன்றுதான்: ம்போலோலோ, ங்காங்காவோ, சாவியா. அதற்கு அப்புறம் 2 ஹெக்டேர், 5 ஹெக்டேர், 16 ஹெக்டேர் என்று ஒன்பது பொடித் துண்டுகள். எல்லாவற்றையும் கூட்டினால் 500 ஹெக்டேரைத் தொடாது என்றுதான் பறவை ஆய்வுகளில் படித்திருக்கிறேன்.

உழவன்_மகன்:
கேட்கக் கசப்பாகத்தான் இருக்கும், இருந்தாலும் கேட்கிறேன். நூறு குருவிக்காக மலையில் விவசாயம் செய்கிறவனை எத்தனை நாளைக்குக் குற்றவாளி ஆக்குவீர்கள்? காட்டை வெட்டினான், விறகு எடுத்தான், மாடு மேய்த்தான். அவனுக்கு வேறு எங்கே போக இடம்? நைரோபியில் இருந்துகொண்டு காடு பற்றிப் பேசுவது சுலபம்.

நைரோபி_வாசி:
கோபப்பட ஒன்றுமில்லை அண்ணே. உங்கள் பக்கத்துக்கு நானே ஒரு சான்று தருகிறேன்.

டைட்டா-டவேட்டா மாவட்டம் 17,000 சதுர கிலோமீட்டர். அதில் 60 சதவீதத்துக்கு மேல் ட்சாவோ கிழக்கு, ட்சாவோ மேற்கு தேசியப் பூங்காக்களுக்குள் போய்விட்டது. 1948-ல் பூங்கா அறிவித்தபோது யாரிடமும் கேட்கவில்லை. மிச்ச சமவெளியில் பெரிய பெரிய கற்றாழை நார்ப் பண்ணைகளும் தனியார் மேய்ச்சல் நிலங்களும். 2019 கணக்கெடுப்பில் 3.4 லட்சம் பேர். கீழே மழை கிடையாது, யானை வந்து சோளத்தைத் தின்றுவிட்டுப் போகும். மழையும் மண்ணும் இருப்பது மலையில்தான். ஆக ஜனமும் மேலே, குருவியும் மேலே.

அதனால் டைட்டா ஆட்களைக் குற்றம் சொல்வது என் நோக்கமில்லை. சொல்லப்போனால் வனவிலங்குக்காக அவர்கள் ஏற்கெனவே விட்டுக்கொடுத்தது நம்மில் யாரும் விட்டுக்கொடுக்காத அளவு. யானையைப் பார்க்க வருகிறவன் ட்சாவோவுக்குப் பணம் கட்டுகிறான், அதில் மலைமேல் எவ்வளவு ஏறுகிறது என்று கேட்டால் மலைமேல் இருக்கும் வுந்தான்யி ஊர்க் கடைத்தெருவில் சிரிப்பார்கள்.

உழவன்_மகன்:
இதை முதல் பதிவிலேயே எழுதியிருக்கலாமே. சரி, மேலே சொல்லுங்கள்.

காட்டியல்_மாணவி:
விட்ட இடத்திலிருந்து தொடர்கிறேன். பரப்பு மட்டும் கணக்கல்ல, காட்டுக்குள் என்ன இருக்கிறது என்பதும் கணக்கு.

1999-ல் வெளியான ஒரு ஆய்வு என்னை இந்தத் துறைக்கு இழுத்தவற்றில் ஒன்று. பெல்ஜியத்தைச் சேர்ந்த லூக் லென்ஸும் அவர் கூட்டாளிகளும் இந்த மூன்று பெரிய துண்டுகளிலும் வலை கட்டி ஏழு இனப் பறவைகளைப் பிடித்து, இடது காலையும் வலது காலையும் அளந்தார்கள். ஒரு உயிர் வளரும்போது நெருக்கடி இருந்தால் இரு பக்கமும் சமமாக வளர்வது தவறும், மயிரிழை வித்தியாசம் வரும். மிகவும் சீரழிந்த சாவியாவில் அந்த வித்தியாசம் அதிகம். சீரழிவு குறைவான ம்போலோலோவில் மிகக் குறைவு. பறவை உயிரோடுதான் இருக்கிறது, பாடுகிறது, கூடு கட்டுகிறது. ஆனால் காடு கெட்டது அதன் எலும்பில் பதிந்திருக்கிறது. 2002-ல் அதே குழு சயின்ஸ் இதழில் இன்னொன்று எழுதியது: துண்டு துண்டான காட்டில் ஒரு இனம் தங்குமா என்பது இரண்டைப் பொறுத்தது. துண்டுக்குத் துண்டு நகர முடிகிறதா, காடு கெட்டால் தாங்குகிறதா. ஏதாவது ஒன்றில் கெட்டியாக இருந்தால் கொஞ்ச காலம் ஓட்டலாம். இரண்டிலும் பலவீனம் என்றால் முடிந்தது.

அபாலிஸ் தூரம் பறக்கிற பறவை அல்ல. ம்போலோலோவுக்கும் மற்ற காடுகளுக்கும் நடுவே பரங்கா பள்ளத்தாக்கு இருக்கிறது, கீழே இறங்கினால் ஒரே வெக்கை. அதைத் தாண்டி ஜோடி தேடிப் போகும் என்று நான் எதிர்பார்க்க மாட்டேன்.

இன்னொன்று, பலரும் கவனிக்காதது. இந்தக் குருவிக்கு உயர்ந்த மரத்தை விட அடிக்காடு முக்கியம். மரம் விழுந்து வெளிச்சம் இறங்கிய இடத்தில் கொடியும் செடியும் பின்னிக்கொண்டு வளருமே, அங்கேதான் இரை, அங்கேதான் மறைவு. விறகுக்கும் கம்புக்கும் ஆட்கள் எடுப்பது பெரிய மரத்தையா? இல்லை. கைக்கு எட்டும் இளமரம், புதர். மாடு தின்பதும் அதைத்தான். ஹெக்டேர் கணக்கில் ஒரு அங்குலம் குறையாமல் ஒரு காட்டை அபாலிஸுக்கு உதவாததாக ஆக்கிவிடலாம்.

ஊட்டி_சாரல்:
கருஞ்சீகை என்றதும் உள்ளே வந்தேன். தோல் பதனிடப் பட்டைக்காக நட்ட அதே ஆஸ்திரேலிய மரம் எங்கள் நீலகிரியிலும் புல்வெளியைத் தின்றுவிட்டது. சோலையும் புல்லும் இருந்த இடத்தில் இன்று சீகைக் காடு. அதனால் ஒரு கேள்வி: டைட்டாவில் அந்த பைன், யூகலிப்டஸ் தோட்டங்களை ஒரேயடியாக வெட்டிவிட்டு நாட்டு மரங்களை நட்டால் துண்டுகள் இணைந்துவிடாதா? ஏன் இவ்வளவு தயக்கம்?

நைரோபி_வாசி:
தோட்டங்களில் பல, இயற்கைக் காட்டின் விளிம்பை ஒட்டியே நிற்கின்றன. மாற்றினால் காடு தானாகப் பெருகும். திட்டமாகவும் அது பேசப்பட்டிருக்கிறது. நடைமுறையில் சிக்கல்.

முதலாவது, அரசுக் காடுகளில் மரம் வெட்டுவதற்கு 2018 பிப்ரவரியில் நாடு முழுக்கத் தடை போட்டார்கள். திருட்டு வெட்டைத் தடுக்க வந்த தடை, தோட்ட மரத்தையும் சேர்த்தே கட்டிப்போட்டது. 2023-ல்தான் தடை நீங்குவதாக அறிவிப்பு வந்தது. இரண்டாவது, யூகலிப்டஸுக்கு ஊரில் மதிப்பு இருக்கிறது. வீடு கட்டக் கம்பு, விற்றால் காசு. மூன்றாவது சரிவு. மொத்தமாக மொட்டையடித்தால் அடுத்த நீண்ட மழையில் மண் கீழே வந்துவிடும். நீண்ட மழை என்பது இங்கே மார்ச் முதல் மே வரை.

காட்டியல்_மாணவி:
நான்காவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பழைய பைன் தோட்டத்தின் நிழலில், பக்கத்தில் இயற்கைக் காடு இருந்தால், நாட்டு மரக்கன்றுகள் தாமாகவே முளைக்கும். விதையைக் கொண்டுவந்து போடுவது பறவைகள்தான். டைட்டா மலையில் இருவாச்சியும் துராக்கோவும் உண்டு, பழம் தின்னும் டைட்டா பூங்குருவியும் உண்டு. அதுவும் இந்த மலைக்கே உரியது, அதுவும் ஆபத்தில். எனவே மேல்மரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, கீழே வருவதை வளரவிடுவதுதான் புத்தி. மெதுவான வேலை. நிதி தருகிறவர்களுக்கு மெதுவான வேலை பிடிக்காது, அவர்களுக்கு மூன்று வருடத்தில் நட்ட கன்றுகளின் எண்ணிக்கை வேண்டும். இது என் சொந்த எரிச்சல், ஆதாரம் கேட்காதீர்கள்.

கேமரா_கண்ணன்:
ஆகஸ்டில் கென்யா வருகிறேன். மாசாய் மாரா முடித்துவிட்டு இரண்டு நாள் ஒதுக்கலாம். குருவியின் குரல் பதிவு இணையத்தில் கிடைக்கிறது, ஸ்பீக்கரில் போட்டால் வெளியே வந்துவிடும்தானே? புதருக்குள் இருக்கும் பறவையை வேறு எப்படி எடுப்பது?

காட்டியல்_மாணவி:
வேண்டாம் சார். தயவுசெய்து.

அதன் எல்லைக்குள் அதே இனத்தின் குரல் கேட்டால், எவனோ நுழைந்துவிட்டான் என்று இரை தேடுவதை விட்டு விரட்ட வரும். கூட்டில் முட்டையோ குஞ்சோ இருந்தால் அந்த நேரம் கூடு காவலில்லாமல் கிடக்கும். இந்த இனத்துக்குக் கூடு கொள்ளை போவதே ஒரு பெரிய பிரச்சினையாக இருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் சந்தேகம். ஆயிரக்கணக்கில் இருக்கும் கதிர்க்குருவியிடம் இதைச் செய்தாலே நான் முகம் சுளிப்பேன். உலகத்தில் நூற்றைம்பது இருக்கும் பறவையிடம், அதுவும் எல்லோரும் போகிற ஒன்றிரண்டு ஒற்றையடிப் பாதையில், வருகிறவர் எல்லோரும் ஸ்பீக்கர் போட்டால் என்ன ஆகும்?

கேமரா_கண்ணன்:
ஒரே ஒரு தடவை, முப்பது விநாடி போட்டால் என்ன ஆகிவிடும் என்று தெரியவில்லை. சரி, ஸ்பீக்கர் எடுத்து வரவில்லை. ஆனால் படம் கிடைக்காவிட்டால் உங்களைத்தான் திட்டுவேன்.

நைரோபி_வாசி:
உள்ளூர் வழிகாட்டி ஒருவரை அமர்த்திக்கொள்ளுங்கள் கண்ணன். எந்தப் புதரில் எந்த ஜோடி என்று அவருக்குத் தெரியும். காலையில் போய் அசையாமல் நின்றால் போதும். அந்தக் கூலி நேராக மலைவாசி ஒருவர் கைக்குப் போகிறது என்பது இன்னும் முக்கியம்.

ஊட்டி_சாரல்:
எங்களூரில் கோயில்காடு என்று விட்டுவைத்த இடங்களில்தான் பழைய மரங்கள் தப்பின. அங்கே அப்படி எதுவும் கிடையாதா?

நைரோபி_வாசி:
உண்டு. ஃபிகி என்பார்கள். டைட்டா மக்களின் புனிதத் தோப்பு. ஊரைக் காக்கும் இடம், அங்கே மரம் வெட்டக்கூடாது, பெரியவர்கள் மட்டும் சடங்குக்காக உள்ளே போவார்கள். கிறித்தவம் பரவிய பிறகு பலருக்கு அந்தப் பயம் விட்டுப்போயிற்று. ஆனால் அவை மிகச் சிறியவை, பல இடங்களில் ஒரு வீட்டு மனை அளவு. அபாலிஸ் ஜோடி குடியிருக்கப் போதாது. துண்டுக்கும் துண்டுக்கும் நடுவே கால் வைக்க ஒரு இடமாக உதவலாம், அதுவும் சுற்றிலும் வயல் என்றால் சந்தேகம்தான்.

உழவன்_மகன்:
மறுபடி நான்தான். இதுவரை பேசியதில் ஒன்று இடிக்கிறது. மாணவி சொன்னபடி ம்போலோலோதான் நல்ல காடு. அப்படியென்றால் அபாலிஸ் அங்கேதானே கொழித்திருக்க வேண்டும்?

காட்டியல்_மாணவி:
அருமையான கேள்வி. ம்போலோலோவில்தான் மிக மோசமாகக் குறைந்திருக்கிறது. இன்று பறவை தேடிப் போகிறவர்கள் வூரியாவுக்கும் ங்காங்காவோவுக்கும் போகிறார்கள். அதிலும் வூரியா மேல் உச்சியில் கைப்பேசிக் கோபுரங்கள் நிற்கும் இடம், பார்க்க அழகான காடு என்றுகூடச் சொல்ல முடியாது.

என் ஊகத்தைச் சொல்கிறேன், ஊகமாகவே எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று, ம்போலோலோ வூரியா, ங்காங்காவோ இரண்டையும் விடத் தாழ்வு. மலைக்குருவி வெப்பம் கூடக் கூட மேலே ஏறப் பார்க்கும், அங்கே ஏற மேலே இடமில்லை. இரண்டு, மூடிய விதானத்துக்குக் கீழே இருட்டு. இருட்டில் அடர்ந்த புதர் வளராது. பூங்குருவிக்கு அது சொர்க்கம், தரையில் சருகைக் கிளறித் தின்னும். அபாலிஸுக்கு அல்ல. ஆக ஒரே மலையின் இரண்டு அரிய பறவைகளுக்கு "நல்ல காடு" வேறு வேறு. காப்பவர்கள் எதை நினைத்துக் காக்கிறார்கள் என்பதைப் பொறுத்து ஒன்றுக்கு நல்லது, மற்றதற்குச் சுமார்.

நைரோபி_வாசி:
அப்படியானால் என் முதல் கேள்விக்குப் பாதி பதில் வந்துவிட்டது. மீதிப் பாதி நிலப் பத்திரம் சம்பந்தப்பட்டது.

ங்காங்காவோ போன்ற பெரிய துண்டுகள் அரசு வனத்துறையிடம் இருக்கின்றன. 2005 வனச் சட்டத்துக்குப் பிறகு ஊர்மக்கள் சங்கம் வைத்து வனத்துறையோடு சேர்ந்து நிர்வகிக்க வழி உண்டு, 2016 சட்டத்திலும் அது தொடர்கிறது. ஆனால் ம்சிதுன்யி போன்ற சின்னத் துண்டுகளில் தனியார் நிலம் கலந்திருக்கிறது. அப்பா இருக்கும்வரை காடாக விட்டிருப்பார், பிள்ளைகள் நாலு பேர் பாகம் பிரித்ததும் ஒருவர் சோளம் போடுவார். அதில் தப்பு என்ன? அவர் நிலம்.

நேச்சர் கென்யா அமைப்பு அந்தத் துண்டுகளை உரிய விலை கொடுத்து வாங்கி வைக்கும் வேலையில் இறங்கியிருக்கிறது. 1909-ல் தொடங்கிய கிழக்கு ஆப்பிரிக்க இயற்கை வரலாற்றுச் சங்கம்தான் அது. விருப்பப்பட்டு விற்கிறவரிடம் மட்டும் வாங்குகிறார்கள். எனக்கு இது பிடித்திருக்கிறது. விமானத்திலிருந்து பார்த்தால் ஒரு கைக்குட்டை அளவு, ஆனால் இருக்கும் ஜோடிகளே இவ்வளவுதான் என்னும்போது ஒவ்வொரு ஏக்கரும் ஒரு கூடு.

உழவன்_மகன்:
விற்ற பணம் ரெண்டு வருஷத்தில் கரைந்துவிடும், அதற்கப்புறம் அந்தக் குடும்பம் எங்கே விறகு எடுக்கும்? அரசுக் காட்டில். அதாவது ங்காங்காவோவில். ஒரு புதரைக் காப்பாற்றி இன்னொரு புதரை இழப்பீர்கள்.

நைரோபி_வாசி:
நியாயமான பயம். நான் போன வீடுகளில் இரண்டு வழி பார்த்தேன். ஒன்று, வயல் வரப்பிலேயே விறகுக்கு மரம். பலர் வளர்ப்பது யூகலிப்டஸ்தான், காட்டியல் மாணவி திட்டினாலும் வீட்டு விறகுக்கு அது போதும். இன்னொன்று, மூன்று கல் அடுப்புக்குப் பதிலாக விறகு குறைவாகத் தின்னும் களிமண் அடுப்பு. அந்த அடுப்பு இருக்கும் வீட்டிலும் உகாலி என்ற சோளமாவுக் களி கிளற மூன்று கல் அடுப்பையே பற்ற வைக்கிறார்கள், பானை பெரியதென்று. அதனால் இது தீர்ந்த பிரச்சினை என்று சொல்ல மாட்டேன்.

காட்டியல்_மாணவி:
வயலில் நிற்கும் யூகலிப்டஸை நான் ஏன் திட்டப் போகிறேன்? காட்டோரத்தில் நடுவதைத்தான் திட்டுகிறேன். ஊற்றுக்குப் பக்கத்தில் நட்டால் இன்னும் அதிகமாகத் திட்டுவேன்.

உழவன்_மகன்:
பெரிய பானை வைக்கிற மாதிரி அடுப்புச் செய்யச் சொல்லுங்கள். பறவை ஆய்வுக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு பங்கை அதற்குக் கொடுத்தால் நான் இந்த இழையில் சண்டை போட மாட்டேன். நிலம் வாங்கும் யோசனையில் இன்னும் எனக்கு முழு உடன்பாடு இல்லை. விற்றவர்கள் பத்து வருஷம் கழித்து எங்கே இருக்கிறார்கள் என்று யாராவது கணக்கெடுத்தால் காட்டுங்கள்.

தையல்சிட்டு_ரசிகை:
அடுத்த வருடம் மகளோடு மொம்பாசா போகிறோம். டைட்டா மலைக்கு எப்படிப் போவது? எந்த மாதம் நல்லது?

நைரோபி_வாசி:
மொம்பாசாவுக்கும் நைரோபிக்கும் நடுவே 2017-லிருந்து புது ரயில் ஓடுகிறது, வோயில் நிற்கும். எல்லா வண்டியும் நிற்காது, பார்த்து டிக்கெட் எடுங்கள். வோயிலிருந்து மட்டாட்டு வேன் பிடித்து ம்வாதாதே வழியாக வுந்தான்யி. அங்கிருந்து ங்காங்காவோவுக்கு வழிகாட்டியே வண்டி ஏற்பாடு செய்வார், மண்சாலை. ஏப்ரல், மே வேண்டாம், சாலை சேறாகிவிடும். ஜூலை, ஆகஸ்டில் மழை குறைவு, ஆனால் பனிமூட்டம் காலை பத்து மணி வரை விலகாது. ஜனவரி, பிப்ரவரியில் வெளிச்சம் நன்றாக இருக்கும். மகளுக்கு ஸ்வெட்டர் எடுத்து வையுங்கள், மொம்பாசா வெயிலை நினைத்துக்கொண்டு வந்து நடுங்கியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.